டீசல்தான் வேண்டும் என்றார்

மூன்று வாரமாக எங்கள் வீட்டில் டீசலா பெட்ரோலா என்ற ஒரே பேச்சுதான். பேச்சு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சண்டை.

நான் செய்வது கருப்பட்டி வியாபாரம். உடன்குடிப் பக்கம் காய்ச்சுகிறவர்களிடம் மொத்தமாக வாங்கி, தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மாடியில் தரம் பிரித்து, டப்பாவில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஒரு நாள் தெற்கே ஆழ்வார்திருநகரி வரைக்கும் போகும், மறுநாள் வடக்கே கீழவைப்பார் வரைக்கும். இத்தனை வருடம் வாடகை லோடு வண்டியை நம்பித்தான் இருந்தேன். அந்த வண்டிக்காரர் காலையில் மீன் இறக்கிவிட்டு, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு, அதே ஈரத்தோடு என் வாசலில் வந்து நிற்பார். கருப்பட்டி ஈரத்தையும் உறிஞ்சும், வாடையையும் உறிஞ்சும். ஆழ்வார்திருநகரியில் ஒரு கடைக்காரர் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, என் பக்கமாகத் தள்ளி வைத்தார். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போதே சொந்த வண்டி என்று முடிவு செய்துவிட்டேன்.

ஓட்டுவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். சித்திரையில் திடீரென்று வேலையை விட்டுவிட்டு வந்தார். முதலாளியோடு வாய்த்தகராறு என்றார். நானும் நம்பினேன். அவருக்கு வாய்த்தகராறு செய்ய வராது என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் வருகிற கோபம் முழுவதும் எனக்குத்தான் வரும்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் வீட்டில் இருந்தார். டப்பாவுக்கு மூடி போட்டார், சீட்டு ஒட்டினார், நான் சொன்னதையெல்லாம் செய்தார். ஆனால் மனிதர் சுருங்கிக்கொண்டே போனார். ஸ்டியரிங் பிடிக்காத அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அதனால் அந்த வண்டி கருப்பட்டிக்காக மட்டும் இல்லை. அவரை மறுபடியும் டிரைவராக்கி உட்காரவைக்க வேண்டும் என்பதுதான் என் மனதில் இருந்தது.

எந்த வண்டி என்பதில்தான் முட்டிக்கொண்டது. நான் நாலு பேரிடம் விசாரித்துத்தான் பேசினேன். எங்கள் ஓட்டம் ஒரு நாளைக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர். கடைக்குக் கடை நின்று நின்று போகிற ஓட்டம். அதற்குப் பெட்ரோல் வண்டி போதும். விலை குறைவு, பராமரிப்பும் லேசு. அவருடைய சிநேகிதர், பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக் அண்ணாச்சியும் அதையேதான் சொன்னார்.

"இப்ப வார டீசல் வண்டில பொகையப் பிடிச்சு வைக்கதுக்கு ஒரு ஃபில்டரு இருக்கு தாயி. நீங்க கடைக்குக் கடை நிப்பாட்டி ஓட்டுனா அது அடைச்சுக்கிடும். வாரத்துக்கு ஒருக்கா மதுரைக்குப் போற ஆளுன்னா டீசல் எடுக்கலாம். கருப்பட்டிக்கு என்னத்துக்கு?"

என் வீட்டுக்காரர் பட்டறையில் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், "டீசலே எடுத்துருவோம்" என்றார்.

"இம்புட்டு நேரம் அண்ணாச்சி என்ன சொன்னாரு?"

"அவன் சொல்லுவான். டீசல் வண்டில ஒரு உயிரு இருக்கும்ளா."

"நாம கருப்பட்டி ஏத்தப் போறோமா, இல்ல அதுக்குப் பொண்ணு பாக்கப் போறோமா? காரணத்தச் சொல்லுங்க."

காரணம் வரவில்லை. இன்ஜினை அக்கு அக்காகப் பிரித்துச் சொல்லத் தெரிந்த மனிதர், வண்டி என்றால் என்ன என்று தெரியாதவர்போல 'டீசல்னா டீசல்தான்' என்று ஒற்றைக்காலில் நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆண்பிள்ளை வீம்பு என்று நினைத்தேன். அவர் காதுபடவே சொல்லவும் செய்தேன். அவர் பாட்டுக்கு டப்பாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில், ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்று ஷோரூமுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே எங்களைக் கவனித்தது என் வயதுள்ள ஒரு பெண். நல்ல பேச்சுக்காரி. பெட்ரோல் வண்டியின் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பி இன்ஜினை ஓடவிட்டாள். "ஸ்டார்ட்ல இருக்கான்னே தெரியாது சார், அவ்ளோ அமைதி" என்று சொல்லிவிட்டு, ஏதோ தாளை எடுக்க மேசைப் பக்கம் போனாள்.

அவர் ஏறி உட்கார்ந்தார். சீட்டைப் பின்னால் தள்ளினார். கிளட்சை மிதித்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார் என்று நான் பூரித்துப்போய் நிற்கிறேன். அவர் சாவியைப் பிடித்துத் திருப்பினார்.

ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜினுக்கு மறுபடியும் ஸ்டார்ட் அடித்தால் கரகரவென்று ஒரு சத்தம் வரும். பல்லைக் கூசவைக்கிற சத்தம். ஷோரூமில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பியபடியே இன்னும் ஒரு நொடி பிடித்திருந்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துத்தான் கையை எடுத்தார்.

"பரவால்ல சார், நெறைய பேரு இப்பிடித்தான் பண்ணுவாங்க. சத்தமே இருக்காதுல்லா" என்று அந்தப் பெண் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இடது உள்ளங்கையை டேஷ்போர்டின் மேல் மெல்ல வைத்துப் பார்த்தார். நான் அந்த வண்டியிலிருந்து பத்தடி தள்ளி நின்றேன். எனக்கு இன்ஜின் சத்தம் நன்றாகவே கேட்டது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தேன். தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாரே, அது நினைவுக்கு வந்தது. டிரைவர் புத்தி என்று நான்தான் கேலி செய்திருக்கிறேன். போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. நான் அடுப்படியிலிருந்து ஏதாவது சொன்னால், எழுந்து வந்து என் முன்னால் நின்று "என்ன?" என்பார். வேலை இல்லாத மனிதர், பேச்சுத்துணைக்கு வருகிறார் என்று நினைத்து நான் கொஞ்சம் சந்தோஷப்பட்டும் இருக்கிறேன்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. துறைமுக கேட்டுக்கு வெளியே டிரெய்லர் வரிசை நகர மணிக்கணக்காகும். டிரைவர்கள் இன்ஜினை அணைக்காமல் அப்படியே சாய்ந்து தூங்குவார்கள். ஒரு கால் பெருவிரலை மட்டும் கியர் ராடில் முட்டுக்கொடுத்து வைத்திருப்பார்கள். ராடின் நடுக்கம் கொஞ்சம் மாறினாலும் முழிப்பு வந்துவிடும். இதை அவர் என்னிடம் எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இருபத்திரண்டு வருடம் இன்ஜினைக் காலாலும் கையாலும் கேட்டுப் பழகிய மனிதர்; காது போவது அவருக்கே எவ்வளவு காலம் தெரியாமல் இருந்ததோ. பெட்ரோல் வண்டியில் அந்த நடுக்கம் இல்லை. அதனால்தான் டீசல், டீசல் என்று நின்றிருக்கிறார்.

நேராகக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்தால்தான் எனக்கு மனசு ஆறும். அந்தப் புத்தியை நினைத்து இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

மெக்கானிக் அண்ணாச்சியின் பட்டறையில் யாரோ விற்பதற்கு விட்டுப்போன பழைய டீசல் பிக்கப் ஒன்று நின்றது. "அதையும் ஒருக்கா ஓட்டிப் பாத்துருவோமே" என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஏறினோம். ஊரைத் தாண்டிக் கீழவைப்பார் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருப்பினார். இரண்டு பக்கமும் உப்பளம். வண்டி தடதடவென்று ஆடியது. அவர் தோளின் இறுக்கமெல்லாம் தளர்ந்து, பழைய மனிதராகிவிட்டார்.

நான் இடது ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வண்டிச் சத்தத்துக்கு மேல் கேட்கிற மாதிரிக் கொஞ்சம் உரக்கவே, "இங்கன நிறுத்துங்க" என்றேன்.

வண்டி போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, நிறுத்துங்கன்னு சொல்லுதேன்லா."

கியரை மாற்றினார். போதும், இதோடு விட்டுவிடலாம் என்று மனசு சொன்னது. வாய் கேட்கவில்லை.

"நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். இனி வரவே மாட்டேன்."

"பாத்தியாளா, எப்பிடி இழுக்குன்னு!" என்றார். அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். நான் முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் பின்னால் ஹாரன் கேட்டது. கண்டெய்னர் டிரெய்லரின் ஹாரன், விட்டு விட்டு அடித்துக்கொண்டே வந்தது. அவன் முந்தப்போகிறான், இவர் ஒதுங்குவார் என்று இருந்தேன். சாலையின் வலது பக்கம் ஒரு டீக்கடை தெரிந்தது. "ஒரு டீயக் குடிச்சிட்டுப் போவோம்" என்றவர், கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தார். வண்டியின் ஆட்டத்தில் அந்தக் கண்ணாடி தலைகீழாகத் தொங்கி வெறும் ரோட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. ஹாரன் காதில் விழுந்த யாரும் அந்தக் கண்ணாடியை நம்பியிருக்க மாட்டார்கள். அவர் வலது பக்கமாக ஒடித்தார்.

நான் அவர் கையைப் பிடித்து என் பக்கமாக இழுத்தேன். கத்தினேனா என்று தெரியாது. அவருடைய ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் போய், இரும்புச் சுவர் ஒன்று நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. போய் முடியவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் வண்டி சாலையை விட்டு இறங்கி, உப்பளத்து வரப்பை ஒட்டி ஒரு குலுக்கலோடு நின்றது.

என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. போகிற டிரெய்லரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹாரன் அடிச்சானா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"ரொம்ப நேரமாவா?"

அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன். அவர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

அங்கேயே உட்கார்ந்துதான் சொன்னார். சித்திரையில் முதலாளியோடு சண்டை ஒன்றும் இல்லை. கண்டெய்னர்களை அடுக்கிவைக்கிற யார்டில் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். பின்னால் நின்று விசில் ஊதி வழிகாட்டுகிறவர், நிறுத்தச் சொல்லி ஊதியிருக்கிறார். ஊதிக்கொண்டே இருந்திருக்கிறார். இவர் நிறுத்தவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் ஓடிவந்து கதவைப் படபடவென்று தட்டியதும்தான் பிரேக் அடித்திருக்கிறார். இறங்கிப் போய்ப் பார்த்தால், அந்த மனிதர் கண்டெய்னர் அடுக்குக்கும் வண்டிக்கும் நடுவில், சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறார்.

"ஒரு அடிதாம்ளா இருந்துச்சு. அவன் என்னைய ஏசக்கூட இல்ல. தண்ணி கொடுங்க அண்ணாச்சின்னுதான் கேட்டான். அன்னைக்கே சாவியக் கொடுத்துட்டேன்."

"என்ட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வண்டியத் தொடவிட மாட்டே."

"தொடவிடத்தான் மாட்டேன்!"

"அதுக்குத்தான் சொல்லல" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆறு மாதம் என்னை முட்டாளாக்கியிருக்கிறார் என்று கோபம். ஆறு மாதம் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லையே என்று அதைவிடப் பெரிய கோபம். அவரை நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். இத்தனை நாளும் இப்படித்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று புரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. என்னிடம் கார் லைசென்ஸ் உண்டு. கல்யாணமான புதிதில் அவர்தான் பழக்கிவிட்டு எடுத்துக்கொடுத்தார். ஸ்கூட்டர் வந்த பிறகு நான்கு சக்கரத்தை நான் தொட்டதில்லை. பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் நாலு தடவை வண்டியை அணைத்துவிட்டேன். நடுரோட்டில் நின்று, பின்னால் வருகிறவர்கள் திட்ட, நான் அழாத குறை. பழக்கிவிட்ட நாளில் ஒரு கிளட்ச் தவறினால் ஒன்பது தடவை சொல்லிக் காட்டியவர், அன்று ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். அவர் முதலில் சரியாக அழுத்திக்கொண்டே வந்தார். எனக்கு உயிர் வந்தது. பிறகு பார்த்தால், கண்ணாடிக்கு வெளியே மெஷின் முன்னால் இருந்த பெண்ணின் தோள் அசைகிறபோதெல்லாம் அழுத்துகிறார். அவளும் கண்டுபிடித்துவிட்டாள். எழுந்து போய் அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவர் கை பொத்தானின் மேல் சும்மாவே இருந்தது. நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றுகொண்டேன்.

வலது காது போயே விட்டது என்றார் டாக்டர். வருடக்கணக்காக ஜன்னலைத் திறந்துபோட்டு ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பக்கம் முதலில் போவதைப் பார்த்திருக்கிறேன் என்றார். இடது பக்கம் பாதி மிச்சம். அதற்கு ஒரு மெஷின் கொடுத்தார்; நெரிசல் இரைச்சலில் அது அவ்வளவாக உதவாது என்றும் சொன்னார். "லோடு வண்டியெல்லாம் வேண்டாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவரைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாக, மறுபடியும் சொன்னார். இவர் சின்னப்பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினார்.

அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு என்ன ஆனதோ, அவர் முன்னால் போய் நின்று, "டீசலே எடுப்போம்" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. மூன்று வாரம் அவரோடு மல்லுக்கு நின்றதற்கு அதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும்போல இருந்தது.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "கோட்டி மாதிரிப் பேசாதளா. பெட்ரோலே எடு. கிளட்சு மெத்துன்னு இருக்கும். நீ ஓட்டுததுக்கு அதாம் தோது."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு வாதத்தில் ஜெயித்துவிட்டு அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சத்தம் போட்டே அழுதேன். அவருக்குக் கேட்காது என்று தெரியும்.

வண்டியை எடுக்கப் போன அன்று, ஷோரூம் பெண் சாவியை அவரிடம்தான் நீட்டினாள். அவர் வாங்கி என் கையில் வைத்துவிட்டு, முன்பக்கமாகச் சுற்றிப் போய் இடது பக்கம் ஏறினார். எனக்கு ஓட்டப் பழக்கிய நாட்களையும் அந்த உப்பளத்து நாளையும் விட்டால், அவர் அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சாவியைத் திருப்பினேன். இன்ஜின் ஓடுகிறது என்று அவரிடம் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

ஊருக்குள் நெரிசலில் எனக்கு வியர்த்து ஊற்றியது. முன்னால் பஸ், பக்கத்தில் ஆட்டோ, எங்கிருந்தோ ஒரு மாட்டுவண்டி. இடதுபக்கம் ஒதுங்க இடம் இருக்கிறதா என்று கேட்டேன். பதில் இல்லை. ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். அவர் சீட்டில் முழு உடம்பையும் என் பக்கமாகத் திருப்பி உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில்கூட என்னை இப்படிப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"என்ன என்னையே பாக்கீய? ரோட்டப் பாருங்க" என்றேன்.

"ரோட்ட நீ பாரு" என்றார். "எனக்கு ஒன் வாயப் பாத்தாத்தாம்ளா நீ சொல்லுதது கேக்கும்."